விபூதி மடித்த காகிதம்

இதை எழுத உட்கார்ந்து, ஒரு வரி எழுதி, தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டு எழுந்த நாட்களுக்குக் கணக்கில்லை. பதினைந்து வருஷமாக இப்படித்தான் போகிறது. சஷ்டி விரதம் முடியட்டும் என்பேன். பிறகு திருக்கார்த்திகை போகட்டும் என்பேன். நான் தமிழில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதனால்தான் தயங்குகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டும் இருந்தேன். உண்மை அது இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் பதிகம் படிக்கிறவன் என்று ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் இந்தப் பிரிக்பீல்ட்ஸில் என்னை நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடு போய்விடுமே என்ற பயம்தான்.

என் தம்பி எனக்குப் பதினாலு வயது இளையவன். அப்பா ரயில் பாதை வேலையில் இருந்தவர். தம்பி தவழும் வயதிலேயே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. நான் ரயில்வே பட்டறையில் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, அவனுக்கு அப்பா அம்மா எல்லாமே நானும் என் மனைவியும்தான். ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை. அதில் ஒரு மூலையில் சாமிப் படம், படத்துக்குக் கீழே அவனுடைய புத்தகப் பலகை.

அவன் ஆங்கிலப் பள்ளியில் படித்தான். எங்கள் வரிசை வீடுகளில் அதுவரை யாரும் அந்தப் பள்ளிக்குப் போனதில்லை. கடைசி வகுப்பில் ஒரு பெரிய பரீட்சை உண்டு. கேள்வித்தாள் சீமையிலிருந்து கப்பலில் வரும். பிள்ளைகள் எழுதிய தாளை முத்திரை வைத்து மறுபடி கப்பலில் அனுப்புவார்கள். அதில் தேறினால் அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை, மேஜை, நாற்காலி. தேறாவிட்டால் பட்டறையும் பாதையும் இருக்கவே இருக்கின்றன. பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆன சமயம் அவன் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தான்.

பரீட்சை தொடங்கும் முன்னால் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் வழக்கம்போல விபூதியை ஒரு வாழையிலைக் கிழிசலில் வைத்து மடித்துக் கொடுத்தார். அதை அவன் சட்டைப் பையில் வைத்து, "கேள்வித்தாளைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கப்பா" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே இரண்டு நாள் செய்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் இலை காய்ந்து வெடித்துப் பை முழுக்கச் சாம்பல். பரீட்சைக்கென்று வெளுத்து வைத்த சட்டை இப்படி ஆகிவிட்டதே என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மீதி விபூதியைக் காகிதத்தில் மடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் பழைய செய்தித்தாள் இருந்தது. ஆனால் அது கருவாட்டுக் கடையிலிருந்து சுற்றி வந்தது. அதில் எப்படி விபூதியை வைப்பது? சாமிப் படத்துக்குக் கீழே இருந்த புத்தகப் பலகையில் தம்பியின் பழைய நோட்டு ஒன்று கிடந்தது. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் தெளித்த நோட்டு. போன வருஷத்து நோட்டு, இனி வேண்டாம் என்று அவனே ஒருநாள் சொல்லியிருந்தான். வீட்டிலேயே சுத்தமான காகிதம் அதுதான் என்று என் புத்திக்குப் பட்டது. கடைசிப் பக்கம் ஒன்றைக் கிழித்தேன். அதில் அவன் கையெழுத்தில் ஏதோ வரிசையாக இருந்தது. இங்கிலீஷ் எனக்கு எறும்பு ஊர்வதுபோல. எழுத்து உள்பக்கம் போக மடித்து, அவன் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே அவன் பையில் நானே வைத்தேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பூகோளப் பரீட்சை. நான் கிழித்த பக்கத்தில் இருந்தது பூகோளக் குறிப்பு: இந்தியாவின் நதிகள், துறைமுகங்கள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

பரீட்சைக் கூடத்தில் அவன் பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் பூசியபோது, காவல் இருந்த வெள்ளைக்காரர் எழுத்தைப் பார்த்துவிட்டார். பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைத் தாளை எழுதி முடிக்க விட்டார். அதுவரை நியாயமாகத்தான் நடந்தார்கள். மணி அடித்ததும் அவனைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்து, பள்ளித் தலைவரான பெரிய துரையும் அவருக்குக் கீழே இருந்த தமிழ் மாஸ்டர் ஒருவரும் விசாரித்தார்கள். பிறகு ஒரு சீட்டு எழுதிப் பட்டறைக்குப் பியூனை அனுப்பினார்கள்.

உன் தம்பியின் விபூதிக் காகிதத்தில் பாடக் குறிப்பு பிடிபட்டது, உடனே வா என்றிருந்த அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பட்டறை ஆபீசில் கிராணி. நல்ல மனிதர். எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். தானும் லீவு சொல்லிவிட்டு என்னோடு பள்ளி வரை நடந்து வந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். நான்தான் மடித்தேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"அதை அங்க போய்ச் சொல்லாதே. அண்ணனும் தம்பியும் கூட்டுன்னு சொல்லிடுவான்" என்றார். "கோயில்ல கொடுத்ததுன்னு சொல்லிடு. கோயில் சமாச்சாரத்துல வெள்ளைக்காரன் கை வைக்கமாட்டான். அவனுக்கு விபூதிக்கும் கோலமாவுக்கும் வித்தியாசம் தெரியுமா என்ன?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய துரையின் அறையில் மேஜை மேல் பொட்டலம் பிரித்தபடி கிடந்தது. பச்சைத் துணியில் கொஞ்சம் விபூதி சிந்தியிருந்தது. தம்பி அங்கே இல்லை. அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லவும் இல்லை. துரை இங்கிலீஷில் கேட்டார். தமிழ் மாஸ்டர் எனக்குச் சொன்னார். அந்த மாஸ்டர் கிறிஸ்தவர், நிதானமானவர், தம்பி மேல் பிரியமுள்ளவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இந்தப் பொட்டலத்தை மடிச்சது யாருங்க?" என்று கேட்டார்.

என் வாயில் முருகன் பெயர்தான் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதே வாயால், "கோயில்ல குருக்கள் மடிச்சுக் கொடுத்தது" என்றேன்.

மாஸ்டர் உடனே அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. குருக்களா, நீங்களா?" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்றைக்குப் புரிகிறது. தம்பி உண்மையைச் சொல்லிவிட்டிருக்கிறான். அதே உண்மையை நானும் சொல்லிவிடமாட்டேனா என்று அந்த மனிதர் வழி காட்டியிருக்கிறார். நானோ அவர் என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "குருக்கள்தான்" என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு துரையிடம் சொன்னார்.

மறுநாள் மாஸ்டரே கோயிலுக்கு வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றி வாசலுக்கு வெளியிலேயே நின்று, குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நான் சொன்னது குருக்களுக்குத் தெரியாது. "நாங்க இலையிலதான் கொடுப்போம். காகிதத்துல பிரசாதம் கட்டுற வழக்கம் இந்தக் கோயில்ல கிடையாது" என்று பெருமையோடு சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது முழுக்க நிஜம்.

அன்று மத்தியானமே தம்பியையும் என்னையும் சேர்த்து அழைத்தார்கள். அப்போதுதான் தம்பி என்ன சொல்லியிருந்தான் என்று தெரிந்தது. அண்ணன் மடித்துக் கொடுத்தார், உள்ளே எழுத்து இருந்தது தெரியாது, தெரிந்திருந்தால் மேஜை மேல் வைத்துப் பிரித்திருக்கமாட்டேன். அவ்வளவுதான் அவன் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு கொண்டுபோயிருந்த பழைய நோட்டைக் காட்டி, கிழித்த இடத்தையும் காட்டி, நான்தான் சாமி, நான்தான் மடித்தேன் என்று அழுதேன். இரண்டு கையாலும் துரையின் மேஜையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

துரை கோபப்படவில்லை. நோட்டின் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார்.

"இது அந்த நோட்டுக் காகிதம்னு தெரியுது, யார் கிழிச்சாங்கன்னு தெரியலையே, அப்படிங்கிறார். முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. பையனைக் காப்பாத்த எதையும் சொல்வீங்கன்னு அவருக்குத் தோணுது." பிறகு தன் சொந்தச் சொல்லாக, "நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

பட்டறைக்கும் போகாமல், வீட்டுக்கும் போகாமல், நானும் தம்பியும் ஆற்றோரமாக நடந்தோம்.

"ஏண்ணே கோயிலைச் சொன்னீங்க?" என்றான்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழியைப் போட நா வரை வந்தது. அதையாவது விழுங்கிக்கொண்டேன்.

"நான் உங்களைச் சொன்னேன்" என்றான். "உங்க பேரைச் சொன்னா நம்புவாங்கன்னு நெனச்சேன்."

மிச்சப் பரீட்சைகளை எழுத விட்டார்கள். சீமையிலிருந்து தீர்ப்பு வரும்வரை அதுதான் வழக்கமாம். அவனும் போய் எழுதினான். கணக்கெல்லாம் நன்றாகப் போட்டதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவன் எழுதிய அத்தனை தாளும் செல்லாது, இனி அந்தப் பரீட்சைக்கு உட்காரவும் கூடாது. பள்ளி வாசல் பலகையில் பரீட்சை எழுதினவர்கள் பெயரெல்லாம் ஒட்டியிருந்தது. அவன் பெயர் மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. வாய் திறந்து யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தக் கோடு ஒரு மாதம் அங்கேயே இருந்தது. அதற்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சேதி பரவிவிட்டது.

இங்கேதான் என்னுடைய பெரிய குற்றம். துரை என்னை நம்பவில்லை, சரி. ஊர் என்னைக் கேட்டிருந்தால் நம்பியிருக்கும். கோயில் வாசலில் நின்று, நான்தான் மடித்தேன், நான்தான் கோயில் பேரில் பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குருக்களை எந்த முகத்தோடு பார்ப்பது, நாளைக்குப் பதிகம் படிக்க விடுவார்களா என்றெல்லாம் யோசித்தேன். "விடுங்கப்பா, சின்னப் பையன் தெரியாம செஞ்சுட்டான்" என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அதைத் தம்பி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குத்தான் முதலில் தண்ணீர் வைத்தான்.

பிறகு அவன் கிள்ளானைத் தாண்டி மேரு என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியாராகப் போனான். பங்சார் பக்கம் கிட்டத்திலேயே தோட்டம் இருந்தது, அங்கேயும் ஆள் கேட்டார்கள். அவன் தூரமாகத்தான் வேண்டும் என்றான். நான் கிள்ளான் வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைப் பள்ளி. காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போன தாய்மார்கள் திரும்பி வரும்வரை பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.

ஒருமுறை நான் இருக்கும்போது, ஒரு பெண்பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று மற்றதெல்லாம் கத்தின. நான் பிரம்பு வரும் என்று பார்த்தேன். அவன் அந்தப் பிள்ளையை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் உயரத்துக்குத் தன் முகத்தை வைத்துக் கேட்டான். அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் தேம்பித் தேம்பிச் சொன்னது. அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவளைத் திரும்ப உட்காரவைத்து வேறு கணக்குக் கொடுத்தான். என்ன சொன்னாள், நிஜமா பொய்யா என்று கேட்டேன். "தெரியலண்ணே. சொல்லி முடிக்க விட்டேன்" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டிக்காரன் வந்துவிட்டானா என்று எழுந்து பார்த்தேன்.

கிள்ளானில் அவனுக்கு ஒரு பெண் பார்த்தோம். பேச்சு முடிந்து, பூ வைக்க நாள் பார்க்கும் நேரத்தில் பெண் வீட்டார் யாரையோ விசாரித்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். பரீட்சையில் காகிதம் ஒளித்து வைத்த பையன்தானே என்று கேட்டார்களாம். அவன் அதற்கப்புறம் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டான்.

சில வருஷம் கழித்து, தோட்டத்து வாத்தியார்களை அரசாங்கப் பதிவில் சேர்க்கப் போகிறார்கள், பழைய பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சீட்டு வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவில் பெயர் ஏறாவிட்டால் வேலை நிலைக்காது. அவன் லீவு போட்டு வீட்டுக்கு வந்தான். தமிழ் மாஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்குக் குருக்களும் கோயில் ஆட்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால், மாஸ்டர் அதைத் துரையிடம் எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்கும்போதும் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினான். "அண்ணி, அண்ணனுக்குச் சங்கடம்னா வேணாம்" என்றான்.

அப்போது மார்கழி. அந்த வருஷம்தான் முதல்முறையாகக் கோயில் தைப்பூச ஏற்பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பால்காவடிக்கு விரதமும் தொடங்கியிருந்தேன். இப்போது போய்க் குருக்களிடம், உங்கள் பேரில் நான் பொய் சொன்னவன் என்று எப்படி நிற்பது? "தைப்பூசம் முடியட்டும்பா. முடிஞ்ச மறுநாளே எழுதித் தரேன்" என்றேன். சரிண்ணே என்று போய்விட்டான்.

காவடி எடுத்தேன். நல்லபடியாக முடிந்தது. மறுநாள் உடம்பு வலி. அதற்கு மறுவாரம் பட்டறையில் வேலை நெருக்கடி. மாசி பிறந்தது. தோட்டத்திலிருந்து ஆள் வந்து, வாத்தியாருக்குக் குளிர் காய்ச்சல், கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஆனால் அது என் கை என்று தெரிந்து பிடித்தானா என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் காலையில் போய்விட்டான். நெற்றியில் விபூதி பூசச் சொன்னார்கள். என் கை வரவில்லை. வார்டில் இருந்த வேறு ஒருவர் பூசினார்.

காரியம் முடிந்து தமிழ் மாஸ்டரைத் தேடிப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். சாட்சி கேட்கவில்லை. பெரிய துரை சீமைக்குப் போய்விட்டார், புதியவரிடம் கொடுக்கிறேன் என்றார். கொடுத்தாரா, அது எந்த அலமாரியில் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பிறகும் எட்டு வருஷம் ஊருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். போன கந்தசஷ்டியில், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவர் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாதவர், புதிதாக இந்தப் பக்கம் குடிவந்தவர். "இங்கேயே ஒரு பையன் இருந்தான். ஊசியால பொடி எழுத்துல விடையெல்லாம் எழுதி, அதை விபூதிக்குள்ள புதைச்சு, சாமி பேரால பரீட்சைக்குக் கொண்டுபோனான். சாமி சும்மா விட்டுச்சா? வயசு ஆகறதுக்குள்ள வாரிக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தன.

நான் எழுந்தேன். எனக்கு எப்படித் தைரியம் வந்ததென்று தெரியாது. அந்தப் பையன் என் தம்பி, அந்தப் பொட்டலத்தை மடித்தவன் நான், கோயில் பேரில் பொய் சொன்னவனும் நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். குருக்கள் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். "செத்துப்போன தம்பி மேல பழி வரக் கூடாதுன்னு எப்படித் தன் மேல போட்டுக்கிறார் பாருங்க. இவர் இல்லையா பக்தர்" என்று மற்றவர்களிடம் சொன்னார். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு அம்மாள் என் காலைத் தொட வந்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னதை என் நல்ல பெயர் விழுங்கிவிட்டது. எழுத்தில் இருந்தால் நான் இல்லாத காலத்திலாவது யாராவது நிதானமாகப் படிப்பார்கள்.

தம்பிக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அவனுக்காகப் பேச வேறு ஆள் இல்லை. படிக்கிறவர்கள் அவன் கதையை இன்னொருவருக்குச் சொல்ல நேர்ந்தால், இதில் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். ஊசியும் பொடி எழுத்தும் சேர்க்க வேண்டாம். அவனைப் பெரிய மகான் ஆக்கவும் வேண்டாம். கணக்கு நன்றாகப் போடுவான், அண்ணனை நம்பினான், அவ்வளவே. என் மேல் இரக்கப்பட்டு என் பொய்யைச் சின்னதாக்காதீர்கள். குருக்கள்தான் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை என்று சொல்லிவிடாதீர்கள்.